சிபிஎன்: செய்யாத வேலைக்குப் பேர் வாங்கிய கஞ்சா மூலக்கூறு

அமெரிக்காவில் 'நல்ல தூக்கத்துக்கு' என்று விற்கிற ஜெல்லி மிட்டாய் டப்பா ஏதாவது கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். மெலட்டோனின் இத்தனை மில்லிகிராம், சிபிடி இத்தனை, சிபிஎன் இத்தனை. மெலட்டோனின் நமக்குத் தெரிந்ததுதான். விமானப் பயணத்தில் நேரம் மாறித் தூக்கம் கெட்டவர்கள் போட்டுக்கொள்வது. சிபிடியும் கொஞ்ச காலமாகக் காதில் விழுகிற பெயர். இந்த சிபிஎன்தான் புதுசு. ஆனால் டப்பாவின் முன்பக்கம், நிலாப் படத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பெயர்தான். 'தூங்க வைக்கிற கன்னாபினாய்டு' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று தேடிப் போனால் விஷயம் 130 வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. கஞ்சாவில் என்னதான் இருக்கிறது என்று வேதியியலாளர்கள் தேடத் தொடங்கியபோது முதலில் கைக்கு வந்த கன்னாபினாய்டு இதுதான். அன்றைக்கும் இதன் தலையில் இல்லாத பெருமை ஒன்றை ஏற்றினார்கள். இன்றைக்கும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது என்பது என் எண்ணம்.

கன்னாபினாய்டு என்றால்

கஞ்சாச் செடியின் பெண் பூவை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், மேலெல்லாம் தலையில் சின்ன உருண்டை வைத்த கண்ணாடி முடிகள் போல நிற்கும். பிசின் அந்த உருண்டைகளில்தான் சேர்கிறது. அந்தப் பிசினில் இருக்கிற ஒரு குடும்ப வேதிப்பொருட்களுக்குத்தான் கன்னாபினாய்டுகள் என்று பெயர். இதுவரை நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் ஊருக்கெல்லாம் தெரிந்தவை இரண்டு. ஒன்று டிஎச்சி. கஞ்சா போதைக்குப் பொறுப்பு முக்கியமாக அதுதான். இன்னொன்று சிபிடி. இது போதை தராது; சில கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு சிபிடி மருந்தாகவே 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்றதெல்லாம் பிசினில் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பவை. சிபிஜி, சிபிசி, டிஎச்சிவி என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையில் ஒன்றுதான் சிபிஎன், முழுப்பெயர் கன்னாபினால்.

மற்றவற்றுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டிஎச்சியையும் சிபிடியையும் உண்டாக்கச் செடிக்குள் தனித்தனி நொதிகள் இருக்கின்றன. சிபிஎன்னுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பச்சைச் செடியைப் பறித்த கையோடு சோதித்தால் சிபிஎன் இருக்கும் இடமே தெரியாது. செடியை அறுத்த பிறகு, காய்ந்த பிறகு, டப்பாவிலோ மூட்டையிலோ மாதக்கணக்கில் கிடந்த பிறகுதான் அது தலைகாட்டும்.

செடி முதலில் சிபிஜி அமிலம் என்ற தாய்ப்பொருளைச் செய்கிறது. ஒரு நொதி அதை டிஎச்சி அமிலமாக மாற்றுகிறது. இந்த அமில வடிவத்துக்குப் போதை இல்லை. சூடு பட்டால் ஒரு கரியமில வாயு மூலக்கூறு கழன்று, அமிலம் டிஎச்சி ஆகிறது. கஞ்சாவைப் புகைக்கிறார்கள், நெய்யில் காய்ச்சுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். அப்புறம் அந்த டிஎச்சி சும்மா இருப்பதில்லை. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் அதன் மேல் வேலை செய்கின்றன. திறந்து வைத்த நல்லெண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கிறதே, அதைச் செய்கிற ஆக்சிஜனேற்றம்தான் இங்கும் நடக்கிறது. டிஎச்சியின் ஒரு வளையத்திலிருந்து நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் போய்விடும். 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் என்று இருந்தது 21, 26, 2 ஆகிவிடும். நான்கே அணுதான், அதுவும் இருப்பதிலேயே லேசான அணு. ஆனால் கொஞ்சம் வளைந்து நின்ற அந்த வளையம் இதனால் பென்சீன் வளையம் போலத் தட்டையாகப் படிந்துவிடுகிறது. மூலக்கூறின் உருவமே மாறிவிடுகிறது. அதுதான் சிபிஎன்.

ஆக, சிபிஎன் என்பது வயதான டிஎச்சி. இழந்த டிஎச்சி முழுவதும் சிபிஎன்னாக வந்து சேராது, கொஞ்சம் வேறு பொருட்களாகச் சிதைந்தும் போகும். பெரும் பங்கு கதை இவ்வளவுதான்.

வயதைக் காட்டிக்கொடுப்பது

இந்தக் குணத்தை வைத்து ஒரு நல்ல வேலை செய்யலாம். பறிமுதல் செய்த கஞ்சா எவ்வளவு பழசு என்று கணக்கிடலாம். அமெரிக்க அரசுக்கு ஆராய்ச்சிக் கஞ்சாவை 1968 முதல் வளர்த்துக்கொடுப்பது மிசிசிப்பிப் பல்கலைக்கழகம். அங்கே சமீர் ராஸ், மஹ்மூத் எல்சோலி என்ற இரண்டு பேர், சாதாரண அறை வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த சரக்கைத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். ஓராண்டில் சராசரியாக 16.6 சதவீத டிஎச்சி காணாமல் போயிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் 26.8, மூன்றில் 34.5, நான்கில் 41.4 சதவீதம். கூடவே சிபிஎன் ஏறிக்கொண்டே வந்தது. சிபிஎன் அளவை டிஎச்சி அளவால் வகுத்தால் வருகிற எண் 0.013-க்குக் கீழே இருந்தால் சரக்கு ஆறு மாதத்துக்கு உட்பட்டது, 0.04-க்கும் 0.08-க்கும் நடுவில் இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு வயது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொடுத்தார்கள். ஐ.நா.வின் போதைப்பொருள் ஆய்விதழில் இது வெளிவந்தது.

ஆறு மாதம், இரண்டு வருடம் என்பதெல்லாம் சின்னக் கணக்கு. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில், துர்ப்பான் பக்கத்தில் யாங்ஹாய் என்ற இடத்தில் ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. சுமார் 2,700 வருடத்துக்கு முந்தைய கல்லறை ஒன்றில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆணின் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் 789 கிராம் கஞ்சா கிடைத்தது. பாலைவன வறட்சியில் இலை பச்சை நிறம் மாறாமல் இருந்தது. ஆனால் சோதித்தால் டிஎச்சி இல்லை. முக்கியமாக இருந்தது சிபிஎன்னும் அதன் வழிவந்த பொருட்களும். 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வு இதைத் தலைகீழாகப் படித்துக்காட்டியது. சிபிஎன் இவ்வளவு இருக்கிறது என்றால் புதைத்த காலத்தில் அது டிஎச்சி நிறைந்த செடியாக இருந்திருக்க வேண்டும். நாருக்கு வளர்த்த சணல் வகையாக இருக்க முடியாது. புதைத்தவர்கள் போதைக்கோ மருந்துக்கோ சடங்குக்கோ தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். சிபிஎன் ஒழுங்காகச் செய்கிற வேலை என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தோன்றுவது இந்தச் சாட்சி சொல்கிற வேலைதான்.

முதல் தவறான பெருமை

1893-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்), பாங்கு (கஞ்சா இலை) பழக்கத்தை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894-இல் பல பாகங்களாக அறிக்கை கொடுத்தார்கள். அளவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, முழுத்தடை தேவையில்லை என்று முடித்தார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சரக்குக்குள் வேலை செய்கிற பொருள் எது என்று யாருக்கும் தெரியாது. அபினுக்குள் மார்பின் இருப்பது 1800-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கொயினா, நிகோடின், கோகைன் எல்லாம் அதே நூற்றாண்டில் பிடிபட்டுவிட்டன. கஞ்சா மட்டும் பிடி கொடுக்கவில்லை. காரணம் எளிது. அவையெல்லாம் உப்பாக மாற்றிப் படிகமாக எடுக்கக்கூடிய பொருட்கள். கஞ்சாவில் இருப்பது ஒட்டுப் பிசின்; எதில் கரைத்தாலும் ஒரு கூட்டமே சேர்ந்து வரும்.

கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்ற மூவர் இந்திய சரஸை எடுத்து வாலை வடித்தார்கள். சிவந்த, கெட்டியான எண்ணெய் ஒன்று கிடைத்தது. 1896-இல் அதைப் பற்றி எழுதினார்கள். கஞ்சாவின் வேலையெல்லாம் இதில்தான் என்று நம்பி அதற்குக் கன்னாபினால் என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அந்த எண்ணெய் ஒரு கலவை. சில வருடத்தில் அதிலிருந்து ஒரு பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கு நாம் சிபிஎன் என்று சொல்வது அந்தப் பொருளைத்தான். இது ஏன் முதலில் கிடைத்தது என்று யோசித்தால், இது ஒழுங்காகப் படிகமாகும், டிஎச்சி ஆகாது. சரஸோ இந்தியாவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சரக்கு. போகிற வழியில் அதற்கு வயதாகாமலா இருந்திருக்கும்!

இந்த நம்பிக்கை கலைய நாற்பது வருடத்துக்கும் மேல் ஆனது. 1930-களின் தொடக்கத்தில் கான் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதன் அமைப்பைப் பெருமளவு கண்டுபிடித்தார். 1940-இல் அமெரிக்காவின் இலினாயில் ராஜர் ஆடம்ஸும், பிரிட்டனில் அலெக்சாண்டர் டாடும் தனித்தனியாகச் சோதனைக்கூடத்தில் சிபிஎன்னைச் செய்தே காட்டினார்கள். (டாட் பின்னால் 1957-இல் நோபல் பரிசு வாங்கினார், அது மரபணு தொடர்பான வேறு வேலைக்கு.) செய்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, கஞ்சாவின் வேலையைச் செய்வது இது இல்லை என்று. உண்மையான ஆளான டிஎச்சியைச் சுத்தமாகப் பிரித்து அமைப்பைச் சொல்ல 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலில் கவோனியும் மெஷூலமும் அதைச் செய்தார்கள். அவர்களுக்கு மூலப்பொருள், போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ லெபனான் ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின்.

உடம்புக்குள் என்ன செய்கிறது

நம் உடம்பில் கன்னாபினாய்டுகள் வந்து ஒட்டுகிற ஏற்பிகள் முக்கியமாக இரண்டு. சிபி1 என்பது பெரும்பாலும் மூளையிலும் நரம்புகளிலும். சிபி2 பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில். 1990-லும் 1993-லும் இவற்றின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். ஏற்பி இருக்கிறது என்றால் உடம்பே அதற்கென்று ஏதோ பொருள் தயாரிக்கிறது என்று அர்த்தம். அப்படித் தேடியபோது 1992-இல் ஆனந்தமைடு கிடைத்தது. பசி, வலி, ஞாபகம், தூக்கம் என்று பல இடங்களில் இந்த ஏற்பாட்டுக்குக் கை உண்டு.

டிஎச்சி சிபி1-இல் நன்றாக ஒட்டும். போதை அங்கேதான் பிறக்கிறது. சிபிஎன்னும் அதே இடத்தில்தான் ஒட்டுகிறது, ஆனால் பிடி தளர்ச்சி. டிஎச்சியோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு வலு என்று பொதுவாகச் சொல்வார்கள். சிபி2 பக்கம் ஒப்பீட்டளவில் அதற்குக் கொஞ்சம் அதிகச் சாய்வு உண்டு. 'போதை அறவே இல்லை' என்று லேபிளில் போடுவதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். சிபிடிக்கு அந்த வாக்கியம் பொருந்தும். சிபிஎன்னைப் பொறுத்தவரை 'வழக்கமான அளவில் தெரியாத அளவுக்குக் குறைவு' என்று போட்டால்தான் நேர்மை.

தூக்கக் கதை

பழைய கஞ்சா தூக்கத்தைக் கொண்டுவரும் என்று புகைப்பவர்கள் நடுவில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. பழைய சரக்கில் சிபிஎன் அதிகம் என்பதும் உண்மை. இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் பழைய சரக்கில் சிபிஎன் மட்டுமா மாறியிருக்கிறது? மணம் தருகிற லேசான எண்ணெய்ப் பொருட்களெல்லாம் ஆவியாகிப் போயிருக்கும். டிஎச்சியும் முழுசாகப் போயிருக்காது. நான்கு வருடம் கழிந்தும் பாதிக்கு மேல் நிற்கிறது என்று மேலே கணக்குப் பார்த்தோம். தூங்க வைத்தது யார் என்று சொல்ல ஒவ்வொன்றையும் தனியே கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அதைப் பிரேசிலில் செய்து பார்த்தார்கள். 1975-இல் கார்னியோலும் அவரது சகாக்களும் ஐந்து ஆண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 50 மில்லிகிராம் சிபிஎன் தனியாக, 25 மில்லிகிராம் டிஎச்சி தனியாக, இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என்று வெவ்வேறு முறை வாய்வழியாகக் கொடுத்தார்கள். சிபிஎன் மட்டும் எடுத்தபோது மயக்கமோ தூக்கக் கலக்கமோ இல்லை. டிஎச்சியோடு சேர்ந்தபோது, டிஎச்சி மட்டும் எடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தலைசுற்றி, தூக்கம் சொக்கியது. இதிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடிய முடிவு: ஐந்து பேரில், சிபிஎன் டிஎச்சியின் கூட்டாளியாக இருக்கலாம், தனியாள் இல்லை. ஆனால் விற்பனைப் பேச்சில் முதல் பாதி தொலைந்துபோய், இரண்டாம் பாதி மட்டும் மிஞ்சியது.

அதற்கும் மேலே போன ஒரு கூற்று 2010-களில் இணையத்தில் வேகமாகச் சுற்றியது. 5 மில்லிகிராம் சிபிஎன், 10 மில்லிகிராம் டயசிபாம் மாத்திரைக்குச் சமம் என்று. டயசிபாம் என்பது மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காத, பதற்றத்தைத் தணித்து மயக்கம் தருகிற மாத்திரை. இதற்குப் பின்னால் வெளியிடப்பட்ட மனித ஆய்வு ஏதும் இல்லை. ஆனாலும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எடுத்துப் போட்டு, இன்றைக்கும் விற்பனைத் தளங்களில் அந்த வரி உயிரோடு இருக்கிறது. 2021-இல் ஓர் ஆய்வாளர் அதுவரை வந்த மனித ஆய்வுகளைத் தேடித் தொகுத்துப் பார்த்து, தூக்கத்துக்கென்று இதைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்.

சரி, அதற்குப் பிறகு ஏதாவது வந்ததா? வந்தது. 2023-இல் வெளிவந்த ஒரு சோதனையை ஒழுங்கான ஒன்று என்று சொல்லலாம். தூக்கம் சரியில்லை என்று தாங்களே சொன்ன சுமார் 290 பேர். யாருக்கு எது கிடைக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஏழு இரவுகள். ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை, ஒரு குழுவுக்கு 20 மில்லிகிராம் சிபிஎன், மற்ற குழுக்களுக்கு அதே சிபிஎன்னோடு 10, 20, 100 மில்லிகிராம் என்று சிபிடி. முடிவில் சிபிஎன் மட்டும் எடுத்தவர்கள் இரவில் எழுந்திருக்கும் தடவைகள் குறைந்தன. மொத்தத் தூக்கக் குலைவும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் படுத்ததிலிருந்து தூங்க ஆகும் நேரம் குறையவில்லை. நடுவில் விழித்துக் கிடந்த மொத்த நேரமும் குறையவில்லை. 'தூக்கத்தின் தரம்' என்ற முக்கிய அளவுகோலில் போலி மாத்திரைக்கும் இதற்கும் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் வரவில்லை. சிபிடியைச் சேர்த்ததால் கூடுதல் லாபமும் இல்லை. கடையில் இரண்டையும் சேர்த்துத்தான் அதிக விலைக்கு விற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த வருடம் சிட்னிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எலி ஆய்வு விஷயத்தை இன்னும் சுவாரசியமாக்கியது. எலிகளின் மூளை அலையைப் பதிவு செய்துகொண்டே சிபிஎன் கொடுத்தார்கள். முதலில் தூக்கம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் நன்றாகக் கூடியது. கனவு வரும் கட்டத் தூக்கம், வராத கட்டத் தூக்கம் இரண்டுமே. கூடிய அளவு, சோல்பிடெம் என்ற பிரபலத் தூக்க மாத்திரையோடு ஒப்பிடும்படி இருந்தது. ஏன் தாமதம்? கல்லீரல் சிபிஎன்னை உடைத்து இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருளுக்கு சிபி1 ஏற்பியில் சிபிஎன்னைவிட அதிக வேலை இருப்பதாகக் கண்டார்கள். அதாவது தூக்கம் உண்மையென்றால், அதைச் செய்வது சிபிஎன்னாக இல்லாமல் அதன் வாரிசாகவும் இருக்கலாம். இந்த மூலக்கூறின் ராசி அப்படி: பேர் இதற்கு, வேலை வேறொருவருக்கு.

அதே ஊரில் தூக்கமின்மை நோய் உறுதியான 20 பேருக்கு 30 மில்லிகிராம், 300 மில்லிகிராம் என்று ஒரே ஒரு வேளை கொடுத்து, ஆய்வகத்தில் படுக்கவைத்து அளக்கும் சோதனை ஒன்றைத் திட்டமிட்டார்கள். அந்த எண்களைப் பாருங்கள். கடை மிட்டாயில் பொதுவாக இருப்பது சில மில்லிகிராம் மட்டுமே. ஆராய்ச்சிக்காரர்கள் பலன் தெரிகிறதா என்று பார்க்கவே முந்நூறு வரை போகிறார்கள்.

தூக்கமே வராமல் மாதக்கணக்கில் கஷ்டப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டியது மாத்திரை இல்லாத, பழக்கத்தை மாற்றும் ஒரு மனநலச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. சில வாரங்கள் பிடிக்கும். படுக்கும் நேரம், எழும் நேரத்தைக் கறாராகக் கட்டிப்போடுவார்கள். மிட்டாய் அளவுக்கு ருசியாக இருக்காது. ஆதாரம் என்று பார்த்தால் சிபிஎன் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

மற்ற பலன்கள் என்று சொல்பவை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லாமே சோதனைக்கூடத்தோடு நிற்பவை. 2012-இல் சிபிஎன் கொடுத்த எலிகள் அதிகம் தின்றன. சிபிடி கொடுத்தவை குறைவாகத் தின்றன. 2008-இல், பல மருந்துக்கும் மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளை சிபிஎன் உள்ளிட்ட ஐந்து கன்னாபினாய்டுகள் கண்ணாடித் தட்டில் அடக்கின. தட்டில் கிருமியைக் கொல்கிற பொருள் ஆயிரம் உண்டு. உடம்புக்குள் போய் அதைச் செய்வது வேறு விவகாரம். 2005-இல், இயக்க நரம்புகள் சிதைகிற ஏஎல்எஸ் நோய் வரும்படி மாற்றிய சுண்டெலிகளுக்கு சிபிஎன் கொடுத்தபோது நோய் தொடங்குவது இரண்டு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. சால்க் ஆய்வு நிறுவனத்தில் நரம்புச் செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து இது காக்கிறது என்று 2022-இல் எழுதினார்கள். செல்லின் மைட்டோகாண்ட்ரியா வழியாக நடப்பதாகத் தெரிகிறது. இந்தக் கடைசி வரிசை எனக்கு நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் இதற்கு சிபி1 தேவைப்படவில்லை. ஆனால் இதை 'மறதி நோய்க்கு மருந்து' என்று யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

டப்பாவுக்குள் இருப்பது

வியாபாரத்துக்கு யாரும் கஞ்சாவை மூட்டை கட்டி நான்கு வருடம் காத்திருப்பதில்லை. சணலிலிருந்து மலிவாகக் கிடைக்கிற சிபிடியை வேதிவினை செய்து சிபிஎன்னாக மாற்றுகிறார்கள். அயோடின் வைத்துச் செய்வது ஒரு முறை. அந்த வினையில் இடைப்பொருட்கள் மிஞ்சும், கொஞ்சம் டிஎச்சியும் மிஞ்சலாம். நன்றாகச் சுத்தம் செய்தார்களா என்பது தயாரிப்பவரின் மனசாட்சியைப் பொறுத்தது. லேபிளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு சிபிடி விஷயத்தில் ஒரு பாடம் இருக்கிறது. 2017-இல் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்தபோது, லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தவை 31 சதவீதம்தான். 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. சிபிஎன் அதைவிடப் புதிய சரக்கு.

வேலைக்குச் சேரும்போது சிறுநீர்ச் சோதனை செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. சிபிஎன்னே அந்த முதல்கட்டச் சோதனைகள் சிலவற்றில் கஞ்சா என்று காட்டிவிடும், ஏனென்றால் மூலக்கூறின் உருவம் டிஎச்சியின் வாரிசுகளை ஒத்தது. கப்பல் வேலை, விமான வேலை, ஓட்டுநர் வேலைக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சட்டம்

அமெரிக்காவில் 2018-இல் வந்த விவசாயச் சட்டம், உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி இல்லாத சணலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. சிபிஎன் மிட்டாய்கள் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான். பிரிட்டனில் அப்படி இல்லை: கன்னாபினால் என்ற பெயரே தடைப்பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரிலும் அப்படித்தான், அதுவும் முதல் வகுப்புப் பட்டியலில். சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப்பொருள் எடுத்துக்கொண்டு திரும்பினாலும் குற்றம்தான். நியூயார்க்கில் கடையில் வாங்கியதுதானே என்று சாங்கி விமான நிலையத்தில் சொல்லித் தப்ப முடியாது.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் சிபிஎன் என்று பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் செடியின் பூ உள்ள நுனி, பிரித்தெடுத்த பிசின், அதன் செறிவு, இவை கலந்த எதுவும் அதற்குள் வரும். விதையும், தனியே இருக்கிற இலையும் மட்டும் விலக்கு. பாங்கு கடைகளும், 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கிற இலை மருந்துகளும் நிற்பது அந்த விலக்கின் மேல்தான். மிட்டாய் எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, டிஎச்சி இருக்கிறதா என்று நிரூபிக்கும் பொறுப்பு, பிடிபட்டவர் தலையில்தான் கிட்டத்தட்ட வந்து விழும். இன்னொன்றும் உண்டு. கலவை பிடிபட்டால் போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்காமல் கலவையின் மொத்த எடையையும் எடுக்க வேண்டும் என்று 2020-இல் ஹிரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிட்டாயில் இருக்கிற சர்க்கரையும் ஜெலட்டினும் தராசில் ஏறும்.

எடுத்துக்கொள்கிறவர்களுக்கு

சட்டம் அனுமதிக்கிற நாட்டில் இருந்துகொண்டு இதைப் போடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்காகச் சில வார்த்தை. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடவே கூடாது. அந்த நிலையில் யாரும் பாதுகாப்பைச் சோதித்ததில்லை. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கு மாத்திரை, வலிப்பு மாத்திரை, மது என்று மயக்கம் தருகிற எதோடு சேர்ந்தாலும் மயக்கம் கூடலாம். கல்லீரலில் சிபிஎன்னை உடைக்கிற நொதிகளில் ஒன்றுதான் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையையும் உடைக்கிறது. ஆகவே வார்ஃபரின் போடுகிறவர்கள் தானாக ஆரம்பிக்கக் கூடாது. வாய்வழியாகப் போனால் வேலை தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றை வாயில் போடுவதுதான் பலர் செய்கிற தப்பு. போட்ட இரவிலும் மறுநாள் காலையிலும் வண்டி ஓட்ட வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் 'வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால், மூலிகை மிட்டாய் என்று மழுப்பாமல் லேபிளைப் படமெடுத்துக் காட்டுங்கள். அவருக்கு வேண்டியது பெயரும் மில்லிகிராமும்தான்.